பள்ளிக்கு எதில் உரிமை, எதில் கணக்கு: கல்விக் கொள்கை வகுப்போருக்கு ஒரு வழிமுறை

கொள்கையை எழுதத் தொடங்குமுன், எந்தப் பள்ளிக்கும் தளர்த்தக் கூடாதவை எவை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் குழந்தை என்ன கற்றிருக்க வேண்டும், அதை எப்படி அளப்பது, யாருக்கும் சேர்க்கை மறுக்கப்படாமை ஆகியவை அதில் அடங்கும். பாடவேளை, கற்பிக்கும் முறை, பின்தங்கியோருக்கான தனிப்பயிற்சி ஆகியவற்றைப் பள்ளியிடமே விட்டுவிடலாம்.

இந்தப் பிரிவினையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா கண்டது. 2002இல் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' சட்டம், 2014க்குள் எல்லா மாணவரும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. ஆனால், தேர்ச்சியின் அளவுகோலை மாநிலங்களிடம் விட்டுவிட்டு, இலக்கை எட்டாத பள்ளிகள் மீதான நடவடிக்கைகளை ஆண்டு வரிசைப்படி தானே வகுத்தது. சில மாநிலங்கள் தேர்ச்சி வரம்பையே தாழ்த்திக்கொண்டன. உறுதி தேவைப்பட்ட இடத்தில் தளர்வும், தளர்வு தேவைப்பட்ட இடத்தில் இறுக்கமும் அமைந்ததே கோளாறு என்பது என் கருத்து.

அதிகாரத்துடன் பணமும் செல்ல வேண்டும். ஒழுகும் கூரையைச் சரிசெய்யவே மேலிடத்து ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் தலைமையாசிரியரிடம் கற்றல் விளைவுக்குக் கணக்குக் கேட்பது நியாயமாகாது.

அளவீட்டில் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். 200 மாணவரில் 180 பேர் தேறினால் 90 சதவீதம் என்று பள்ளி பெருமைப்படலாம். தேறாத 20 பேரும் மாற்றுத்திறன் குழந்தைகளாக இருந்தால் அந்தச் சராசரி அவர்களை மறைத்துவிடும். ஆகவே பிரிவுவாரியாக முடிவுகளைக் கேளுங்கள். ஆனால், மிகச் சிறிய பிரிவின் முடிவை வெளியிட்டால் தனிக் குழந்தை அடையாளம் காணப்படும் என்பதால், குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

கணக்குக் காட்டும் கடமை மேலிடத்துக்கும் உண்டு. உகாண்டாவில் 1991–95 காலத்தில், ஊதியம் நீங்கலாக மாணவர் எண்ணிக்கைப்படி ஒதுக்கப்பட்ட மானியத்தில் சுமார் 13 சதவீதமே பள்ளிகளை எட்டியதாக ஆய்வு காட்டியது. அரசு தான் அனுப்பும் தொகையைச் செய்தித்தாள்களில் வெளியிடத் தொடங்கிய பின், பள்ளிகளை எட்டிய பங்கு வெகுவாக உயர்ந்தது. நிதி வெளியீட்டைப் பெற்றோர் வாசிக்கும் மொழியில், பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்யுங்கள்.

பின்தங்கும் பள்ளிக்கு முதலில் உதவி, பிறகே தலையீடு. முன்பு சொன்ன 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' சட்டத்துக்கு மாற்றாக வந்த 2015ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில், மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கான மேம்பாட்டுத் திட்டத்தைப் பெற்றோர், ஆசிரியருடன் கலந்து கல்வி மாவட்டமே வகுக்கிறது. மாநிலம் அதற்கு ஒப்புதல் அளித்துக் கண்காணிக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாத கெடுவுக்குள் முன்னேற்றம் இல்லையெனில் கடுமையான நடவடிக்கை எடுக்கிறது. உங்கள் ஆணையிலும் அத்தகைய கெடுவை முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள்.