ஷார்டேனின் ஓவியங்களைப் பார்க்கும் முறை

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ழான் சிமியோன் ஷார்டேனின் (1699–1779) படைப்புகளைக் காண்போர், அவற்றை வரையப்பட்ட கால வரிசையில் பார்ப்பது நல்லது. முதலில், 1728-இல் அவர் அரச ஓவியக் கழகத்தில் இடம்பெற உதவிய திருக்கை மீன் ஓவியத்தின் முன் நீண்ட நேரம் நில்லுங்கள். அருகில் வெறும் தடித்த வண்ணத் தீற்றல்களாகத் தெரிபவை, சில அடி பின்வாங்கியதும் குடல் சரிந்த ஈரச் சதையாகவும், சிப்பிகளின் மேல் முதுகை வளைத்து நிற்கும் பூனையாகவும் திரள்வதைக் காணலாம். என் கணிப்பில், அவருடைய மிகத் துணிச்சலான படைப்பு இதுவே.

அடுத்து, உணவுக்கு முன் குழந்தைகள் வேண்டுதல் செய்யும் 1740-ஆம் ஆண்டு வீட்டுக் காட்சியில், யாருடைய பார்வை எங்கே செல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

முதுமையில் கண்பார்வை குறைந்தபின் பாஸ்டல் எனும் உலர் வண்ணக் குச்சிகளுக்கு மாறிய அவர், 1771-இல் தம்மை மூக்குக்கண்ணாடியுடன் வரைந்துகொண்டார். பாஸ்டல் ஓவியங்கள் ஒளியால் எளிதில் பாதிக்கப்படுவன என்பதால், அது காட்சியில் உள்ளதா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.