வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் சொன்னதும், கேட்பவர் வியர்வையையும் களைப்பையும்தான் நினைக்கிறார். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலமே சொந்த உடம்பைத் தாக்கும் லூபஸ் போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும், சில மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கும் பிரச்சினை வெயிலின் சூட்டில் இல்லை, அதிலுள்ள புற ஊதாக் கதிரில் இருக்கிறது. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, சூடாகவும் உறைக்காது. "இன்றைக்கு வெயிலே இல்லையே" என்று உடம்பு சொல்வதை நம்பி வெளியே போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

மெல்லிய மேகம் சூட்டைத் தணிக்கும். ஆனால் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். மலைப்பகுதியில் காற்று குளிர்ந்திருக்கும், ஆனால் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் கதிர் கூடிக்கொண்டே போகும். அதனால் வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பல வானிலைச் செயலிகளில் புற ஊதாக் குறியீடு என்று ஒரு எண் இருக்கும். அது 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வேண்டும். செயலி கையில் இல்லாவிட்டால் உங்கள் நிழலைப் பாருங்கள்: உங்கள் உயரத்தைவிட நிழல் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. மிகவும் கூருணர்வு உள்ளவர்களுக்கு இந்த அளவுகோல்களும் போதாது, காலை மாலை வெயிலே அவர்களுக்குத் தொந்தரவு தரலாம்.

அடுத்த தவறு, "நான் உள்ளேதானே இருந்தேன்" என்பது. புற ஊதாக் கதிரில் யூவிஏ, யூவிபி என்று இரண்டு வகை நம்மை எட்டுகின்றன. சாதாரண ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யூவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யூவிஏ கதிரை அவ்வளவாகத் தடுக்காது. மருந்துகளால் வரும் ஒளி ஒவ்வாமையில் பெரும்பங்கு இந்த யூவிஏ கதிருக்குத்தான். காரின் முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் நன்றாகத் தடுக்கும், பக்கக் கண்ணாடிகள் வண்டிக்கு வண்டி மாறும். ஒரு கன்னத்திலும் ஒரு முன்கையிலும் மட்டும் தடிப்பு வருகிறதா? தினமும் எந்தப் பக்கம் ஜன்னலோரமாக உட்காருகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுவதும், கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவதும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியவை.

ஆட்களை அதிகம் குழப்புவது நேரக் கணக்குதான் என்று நினைக்கிறேன். மருந்தும் வெயிலும் சேர்ந்து தோலைச் சுடும் வகை எதிர்வினை சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஒவ்வாமை வகை ஒன்று முதல் மூன்று நாள் கழித்து, அரிப்போடு வரும். லூபஸில் இன்னும் தாமதம். வெயில் பட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக்கூட தடிப்பு எழலாம். அதற்குள் வெயிலில் நின்றது மறந்துபோயிருக்கும். பழி நேற்றுச் சாப்பிட்டதன் மேல் விழும், சோப்பின் மேல் விழும். அப்புறம் ஒவ்வொரு உணவாக ஒதுக்க ஆரம்பிப்பார்கள். உடம்பு இளைக்கும், தடிப்பு மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எப்போது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தீர்கள், அன்று என்ன மருந்து எடுத்தீர்கள், தடிப்பு எப்போது வந்தது என்று எழுதுங்கள். தடிப்பு மறைவதற்குள் போட்டோ எடுத்து வையுங்கள். தடிப்பு எங்கே இல்லை என்பதையும் சேர்த்துக் குறியுங்கள், அது முக்கியமான துப்பு. நெற்றி, மூக்குத் தண்டு, கன்னம், கழுத்துப் பட்டை திறந்திருக்கும் இடம், புறங்கை ஆகிய இடங்களில் இருந்து, தாடைக்குக் கீழும் காதுக்குப் பின்னாலும் கைக்கடிகாரப் பட்டைக்கு அடியிலும் இல்லையென்றால், ஒளியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லூபஸ் தடிப்பு கன்னத்திலும் மூக்கிலும் பரவினாலும், மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். விரல்களில் வந்தால் கணுக்களுக்கு இடைப்பட்ட தோலில் வரும். தடிப்பு கணுக்களின் மேலேயே இருந்தால் டாக்டரின் சந்தேகம் டெர்மட்டோமையோசைடிஸ் என்ற வேறொரு நோயின் பக்கம் போகும்.

தோலில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே வெயில் எதுவும் செய்யவில்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. லூபஸ் உள்ளவர்களுக்கு வெயில் பட்ட பிறகு காய்ச்சல், மூட்டுவலி, எழுந்திருக்க முடியாத அசதி என்று நோயே கிளம்பலாம். வெளியே தெரியாத இந்த வேதனையைத்தான் வீட்டில் "சும்மா சொல்கிறாள்" என்று தள்ளிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம்.

கருத்த தோலுக்கு இதெல்லாம் வராது என்ற நம்பிக்கையும் நிறையப் பேரைக் கெடுத்திருக்கிறது. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்ற நிறமி, தோல் வெந்துபோவதிலிருந்து ஓரளவு காக்கும், லூபஸையோ மருந்து ஒவ்வாமையையோ தடுத்துவிடாது. கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. ஊதா அல்லது கரும்பழுப்புத் திட்டாகத்தான் தெரியும், சில நேரம் எரிச்சலும் கதகதப்பும் மட்டுமே இருக்கும். அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது, தழும்பும் கறுப்பும் தங்கிவிடுகின்றன.

சரி, மருந்துகளுக்கு வருவோம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் எல்லாம் தோலை ஒளிக்குக் கூருணர்வாக்கக்கூடியவை. எடுக்கும் எல்லோருக்கும் வருவதில்லை. இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் இந்தக் கட்டுரையில் சொல்லும் தவறுகளிலேயே ஆபத்தானது. இதயத் துடிப்புக்கான மருந்தை நிறுத்தினால் வரும் ஆபத்து தோல் தடிப்பைவிடப் பல மடங்கு பெரியது. தவிர, அமியோடரோன் உடம்பிலிருந்து வெளியேற மாதக்கணக்காகும். இன்று நிறுத்தினாலும் நாளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

ஹைட்ரோகுளோரோதயசைடை நீண்ட காலம் எடுப்பவர்களுக்குச் சில வகைத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அதன் தகவல் குறிப்பில் சேர்த்தது. அப்போதும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. வெயிலிலிருந்து பாதுகாத்துக்கொள்ளவும், தோலைத் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளவும்தான் சொன்னது. டாக்டரிடம் "இதற்கு மாற்று மருந்து உண்டா, வேளையை மாற்றலாமா" என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஒளியால் வரும் தடிப்பைக் குறைக்கும் மருந்து. தோல் நன்றாகிவிட்டது என்று அதை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

டாக்டரிடம் சொல்லாமல் விடுபவை இன்னொரு கதை. மூட்டில் தடவும் ஜெல்லை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. கீட்டோப்ரோஃபென் ஜெல் தடவிய இடத்தை, தடவுவதை நிறுத்திய பிறகும் 2 வாரம் வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும். மனச்சோர்வுக்குச் சிலர் தாங்களாகவே எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் தோலை ஒளிக்குக் கூருணர்வாக்கக்கூடியது. மூலிகை, கடையில் கேட்டு வாங்கியது, பூசுவது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் அளவில்தான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசித்தான், வெயிலில் தோல் சிவப்பதை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். ஒரு பொட்டு எடுத்துத் தேய்த்தால் டப்பாவில் போட்டிருக்கும் 50 உங்கள் தோலில் இருக்காது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காது, பின்கழுத்து, உதடு, பாதத்தின் மேற்புறம் ஆகியவை வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். எஸ்பிஎஃப் முக்கியமாக யூவிபி பற்றிய எண், யூவிஏ பாதுகாப்பும் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்து வாங்குங்கள். எரித்ரோபாய்டிக் புரோட்டோபோர்ஃபிரியா என்ற அரிய நோயில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே தோலில் தாங்க முடியாத வலியைக் கிளப்பும். நிறமற்ற சாதாரண சன்ஸ்கிரீன் அவர்களுக்குப் பெரிதாக உதவாது. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ளதும், நல்ல துணியும்தான் கைகொடுக்கும். சிலருக்குச் சன்ஸ்கிரீனே ஒவ்வாமை ஆவதும் உண்டு. பூசிய பிறகு அரிப்பு கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால் துணிதான் முதலில், கிரீம் அதற்கு அடுத்து. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். நெருக்கமான நெசவும் அடர்நிறமும் நல்லது. வெள்ளைப் பருத்தி நனைந்தால் பாதுகாப்பு இன்னும் குறையும்.

வைட்டமின் டி வேண்டும் என்று ஒளிக்கூருணர்வு உள்ளவரை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து, தேவையென்றால் டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம்.

சூடுதான் உண்மையான பிரச்சினையாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவர்களுக்கு உடல் சூடேறினால் பார்வை மங்கலாம், கால் தளரலாம். சில மருந்துகள் வியர்வையையே குறைத்துவிடும். இவர்களுக்குச் சன்ஸ்கிரீனால் பயனில்லை, குளிர்ச்சியான இடம்தான் வேண்டும். ஒற்றைத் தலைவலியில் கண் கூசுவது வேறு. அதற்காக வீட்டுக்குள்ளும் நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் இன்னும் கூடும். உங்களுக்கு எது என்று முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொப்புளம் எழுந்தாலோ, முகம் வீங்கினாலோ, தடிப்போடு காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வாய்ப்புண்ணோ சேர்ந்தாலோ நோட்டில் எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.