லயத்துக்கு எந்த இன்டர்நெட்? வாங்கும் முன் அளந்து பார்க்கும் முறை

போன வருடம் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மூன்று காம்பராக்காரர் சேர்ந்து ஒரு 4ஜி ரவுட்டர் எடுத்தோம். டவுனில் கடையில் வைத்துக் காட்டும்போது படம் பறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிய அன்று இரவு எட்டு மணிக்கு, உயர்தரம் படிக்கும் அக்கா மகளின் சூம் வகுப்பில் ஆசிரியர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். பக்கத்துக் காம்பரா மாமி இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) இருந்து, "தம்பி, ஒங்க பொட்டி தூங்கிருச்சா?" என்று கேட்டார்.

விற்றவரிடம் கேட்டதற்கு "டவர் பிஸி" என்றார். அது பொய்யில்லை. ஆனால் காசு கட்டும் முன்னாலேயே அதை நாங்கள் கண்டுபிடித்திருக்கலாம். அதற்கு ஒரு போன், ஒரு கொப்பி, மூன்று நாள் போதும். இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம் எங்கள் தோட்டத்தில் செய்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். ஹப்புத்தளையில் இருந்தாலும் இராகலையில் இருந்தாலும் முறை இதுதான்.

படி 1: பிட், பைட் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

விளம்பரத்தில் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். போனில் ஒரு பைலை இறக்கும்போது மெகாபைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் பைல் விநாடிக்கு 5 மெகாபைட் வீதம் இறங்கினால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

இதே கணக்கை டேட்டாவுக்கும் போடலாம். 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் தெளிவான படம் பார்த்தால் விநாடிக்கு 0.625 மெகாபைட், 3,600 விநாடிக்கு 2,250 மெகாபைட். கிட்டத்தட்ட 2.25 ஜிபி. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விலை பார்க்கும்போது திரும்ப வரும்.

படி 2: உங்கள் வாசலுக்கு எது வருகிறது என்று பாருங்கள்

எந்தக் கம்பனி என்பது பிறகு. உங்கள் லயம் வரைக்கும் எந்த வகை இணைப்பு வரும் என்பதே முதல் கேள்வி.

பைபர் (கண்ணாடி இழைக் கம்பி) வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், அதை எடுங்கள். எஸ்எல்டி-மொபிடெல், டயலொக் இரண்டும் பைபர் கொடுக்கின்றன. டவுன் வீதியை ஒட்டிய வீடுகளுக்குக் கிடைக்கிறது. தேயிலை மலைக்கு நடுவில் இருக்கும் லயத்துக்குப் பெரும்பாலும் வராது. பைபரையும் பல வீடுகள் பங்கு போட்டுத்தான் பாவிக்கின்றன. ஜிபொன் என்ற வழக்கமான பைபர் முறையில் ஒரு இழையில் கீழ்நோக்கி சுமார் 2.5 கிகாபிட் வரும், அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். 32 வீடும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தாலும் ஆளுக்குக் கிட்டத்தட்ட 78 மெகாபிட். அதனால் பங்கு போட்டாலும் வலி தெரியாது.

பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைனில் வரும் ஏடிஎஸ்எல் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது எக்ஸ்சேஞ்சிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்தது. புதிய வகை ஏடிஎஸ்எல்லின் உச்ச வேகம் 24 மெகாபிட் என்றாலும், கம்பி மூன்று நான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி வந்தால் அதில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். நேர்க்கோட்டில் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் தெரியும். கம்பி ரோட்டு வழியாகத்தான் வரும்.

மிஞ்சுவது 4ஜி. எங்களில் அதிகம் பேருக்கு இதுதான். டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் என்று தெரிவு உண்டு. இலங்கை ஏர்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. ஒரு டவரின் ஒரு பக்கத்துக்கு 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கினால் சாதாரண 4ஜியில் உச்சம் 150 மெகாபிட். அதுவும் சிக்னல் அருமையாக இருந்தால்தான். அந்த 150ஐ மேல் கணக்கு, கீழ் கணக்கு (தோட்டப் பிரிவுகள்), பஸ்ஸில் போகிறவர், கோவில் திருவிழாவில் லைவ் போடுகிறவர் எல்லோரும் பிய்த்துக்கொள்கிறார்கள். அறுபது பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு இரண்டரை மெகாபிட். எங்கள் சூம் ஆசிரியர் வாயை மூட முடியாமல் நின்றதன் காரணம் இந்தக் கணக்குத்தான்.

2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்கும் இலங்கையில் கிடைக்கிறது. தட்டு சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் செய்மதிகளோடு பேசுவதால் டவர் தேவையில்லை. ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும், தலைக்கு மேல் சவுக்கு மரம் நின்றால் விட்டு விட்டு அறும். ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகாத விலை. ஒரு முன்பள்ளியோ வாசிகசாலையோ எடுத்தால் யோசிக்கலாம்.

படி 3: மூன்று நாள், மூன்று நேரம் அளங்கள்

வாங்க நினைக்கும் ஒவ்வொரு கம்பனியின் சிம் ஒன்றையும் சின்ன ரீலோட் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். லயத்தில் யாரிடமாவது ஏற்கெனவே இருக்கும், அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். வைபையை நிறுத்திவிட்டு, போனை 4ஜியில் மட்டும் வைத்து, ஸ்பீட்டெஸ்ட் செயலியிலோ பாஸ்ட் டொட் கொம் பக்கத்திலோ அளங்கள்.

காலை ஆறு மணி, பகல் ஒரு மணி, இரவு எட்டரை மணி. மூன்றாவதுதான் முக்கியம். காலையில் அளந்து பார்த்து எடுப்பது, தைப்பொங்கலுக்கு மறுநாள் பஸ்ஸில் ஏறிப் பார்த்து "இந்த ரூட்டில் எப்பவும் சீட் இருக்கு" என்று சொல்வது மாதிரி.

ஒவ்வொரு முறையும் மூன்று எண்ணை எழுதுங்கள்: இறங்கும் வேகம், ஏற்றும் வேகம், பிங். பிங் என்பது நீங்கள் தட்டியதற்குப் பதில் வர எடுக்கும் நேரம், மில்லி விநாடியில். 50க்குள் இருந்தால் நல்லது. 200க்கு மேல் போனால் வட்ஸ்அப் கோலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவீர்கள்.

என் கொப்பியில் ஒரு கம்பனிக்கு இருந்த வரி இது, இறங்கும் வேகம் மெகாபிட்டில்: காலை 31, பகல் 22, இரவு 4. இன்னொன்றுக்கு: காலை 17, பகல் 15, இரவு 11. கடைக்காரர் முதலாவதைத்தான் "வேகமானது" என்று விற்றார். நாங்களும் நம்பி எடுத்தோம். கொப்பி எழுதியது அதற்குப் பிறகு.

அளப்பதற்கும் டேட்டா போகும். 30 மெகாபிட் வேகத்தில் 15 விநாடி ஓடினால் 56 மெகாபைட். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். சும்மா சும்மா அழுத்திக்கொண்டிருந்தால் அளந்தே ரீலோட் முடியும்.

படி 4: ரவுட்டரை வைக்கும் இடம்

இங்கே கொஞ்சம் மெனக்கெடுங்கள். காசு செலவில்லாமல் அதிகம் கிடைப்பது இந்தப் படியில்தான்.

லயக் காம்பராவின் தகரக் கூரை சிக்னலுக்குச் சுவர். பழைய கருங்கல் சுவர் இன்னொரு சுவர். நடுக் காம்பராவில் சாமிப்படத்துக்குக் கீழே ரவுட்டரை வைத்தால், சாமி பார்த்துக்கொள்வார், டவர் பார்க்காது.

ரவுட்டரோடு போனை இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று அடியுங்கள். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். உள்ளே சிக்னல் விவரத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைத் தேடுங்கள், டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதுதான் அது. அது மைனஸில் இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. மைனஸ் 90 என்றால் சந்தோஷம், மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் இடத்தை மாற்றியே ஆகவேண்டும்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். நீளமான வயர், பின்னால் வேடிக்கை பார்க்கச் சின்னப் பிள்ளைகள். அடுப்படியில் மைனஸ் 114. நடுக் காம்பராவில் மைனஸ் 111. இஸ்தோப்பில் டவர் மலையைப் பார்த்த ஜன்னல் ஓரம் மைனஸ் 99. அதே ஜன்னலில் தகரத்துக்கு ஒரு முழம் கீழே இறக்கியதும் மைனஸ் 95. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பொறுத்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும், உடனே மாறாது.

"பனி மூட்டம் வந்தா சிக்னல் போயிரும்" என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 4ஜி அலையைப் பனி அவ்வளவாகத் தடுக்காது. ஈரமான மரக்கிளையும் குறுக்கே நிற்கும் மலையும்தான் தடுக்கும். பனி நாளில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து போன் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெருமழை நிஜமாகவே பாதிப்பது ஸ்டார்லிங்க் மாதிரி உயர் அலைவரிசையில் ஓடுவதை.

படி 5: விலையை இரண்டு வருடத்துக்குப் போடுங்கள்

மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, எந்தக் கம்பனியின் விலையும் இல்லை.

முதல் பெக்கேஜ்: மாதம் 1,800 ரூபா, ரவுட்டர் 9,000. இரண்டாவது: மாதம் 2,200, ரவுட்டர் இலவசம். பார்த்தால் 400 ரூபா வித்தியாசம். விளம்பர விலை வரி சேராததாக இருந்தால் பெறுமதி சேர் வரி 18 வீதம் சேரும் (2024 தொடக்கத்திலிருந்து இந்த வீதம்), வேறு வரிகளும் வரலாம், கேட்டுக்கொள்ளுங்கள். 18 வீதம் மட்டும் சேர்த்தால் முதலாவது 2,124, இரண்டாவது 2,596. இனி 24 மாதத்துக்கு: முதலாவது 50,976, அதோடு ரவுட்டர் 9,000, மொத்தம் 59,976. மாதத்துக்கு 2,499. இரண்டாவது மாதத்துக்கு அதே 2,596. நிஜ வித்தியாசம் 97 ரூபா.

இப்போது கொப்பியை எடுங்கள். முதலாவது இரவில் 4 மெகாபிட், இரண்டாவது 11 என்றால், ஒரு மெகாபிட்டுக்கு முதலாவது 625 ரூபா, இரண்டாவது 236. எது மலிவு என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

டேட்டா அளவையும் பாருங்கள். 2,499 ரூபாவுக்கு 40 ஜிபி என்றால் ஒரு ஜிபி 62 ரூபா, ஒரு மணி நேரத் தெளிவான படம் 140 ரூபா. "100 ஜிபி" என்று பெரிதாக எழுதி, அதில் பாதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும் பெக்கேஜ்களும் உண்டு. காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க) போகிற வீட்டுக்கு நள்ளிரவு டேட்டா எதற்கு? "அன்லிமிடட்" என்றால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும், குறைத்த பின் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: சேர்ந்து எடுப்பதென்றால்

முதலில் ஒப்பந்தம். பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதையோ காசுக்கு விற்பதையோ சில நிபந்தனைகள் தடுக்கும். வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

பிறகு இரவு எட்டரை மணிக்கு யார் என்ன பார்ப்பார்கள் என்று எழுதுங்கள். ஒரு சூம் வகுப்புக்கு 2 முதல் 3 மெகாபிட். டிவியில் முழுத் தெளிவுப் படத்துக்கு 5. போனில் யூடியூப் 480இல் வைத்தால் ஒன்றரை போதும். எங்கள் மூன்று காம்பராவுக்கும் ஒரு வகுப்பு, ஒரு டிவி, மூன்று போன், கூட்டினால் 12 சொச்சம். இரவில் 4 வரும் பெட்டியில் 12ஐ எப்படி இழுப்பது? அதுதான் எங்கள் கதை.

வேகம் போதுமாக இருந்தாலும் ஒருவர் மற்றவரைத் திணறடிக்கலாம். இப்படிச் சோதியுங்கள்: ஒரு போனில் பிங் பாருங்கள். மற்றப் போனில் கல்யாண வீடியோ ஒன்றை கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டே மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டில் 45 இருந்தது 700ஐத் தாண்டியது. ஏற்றும் பாதை நிரம்பினால் ரவுட்டரில் எல்லாமே வரிசையில் நிற்கும், வகுப்புச் சத்தமும் அந்த வரிசையில்தான். படி 4இல் பிரவுசரில் திறந்த ரவுட்டர் பக்கத்தில் ஒவ்வொரு போனுக்கும் வேக எல்லை போடும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் பெரிய வீடியோவைப் பத்து மணிக்குப் பிறகு ஏற்றச் சொல்லுங்கள். எங்களில் வேலை செய்தது இரண்டாவதுதான், மாமி ஒரு சத்தம் போட்டதும்.

கடைசிக் காம்பராவுக்கு வைபை எட்டாவிட்டால் மலிவான ரிப்பீட்டர் வாங்குவார்கள். அது ஒரே அலையில் வாங்கி அதே அலையில் அனுப்புவதால் வேகம் பாதியாகும். அதை விட தாவாரத்துக்கு அடியால் ஒரு நெட்வேர்க் கேபிள் இழுத்து, மறுமுனையில் பழைய ரவுட்டரை வைப்பது மேல். 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும்.

ஏப்ரலிலும் ஐப்பசியிலும் இடி கேட்டால் கரண்ட் பிளக்கையும் இந்தக் கேபிளையும் இரண்டையும் கழற்றுங்கள். நான் போன ஏப்ரலில் பிளக்கை மட்டும் கழற்றினேன். பழைய ரவுட்டர் இப்போது பிள்ளைகள் கடை விளையாட்டில் தராசு.