பெரணி ஸ்போர் வீசுவதை நேரில் பார்க்க

பாடப்புத்தகப் படத்தில் பெரணியின் ஸ்போர்ப்பை (விதைபோலப் பரவும் ஸ்போர் என்ற துகள்கள் இருக்கும் பை) சும்மா வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உண்மையில் அது ஒரு கவண். அதைப் பார்க்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

1. இலையைத் திருப்பி அடிப்புறப் புள்ளிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஸ்போர்ப்பைகளின் கூட்டம். வெளிர்பச்சை என்றால் பிஞ்சு, உள்ளே ஸ்போர் இன்னும் முற்றவில்லை. (பெரும்பாலான பெரணிகளில் ஒரு பைக்குள் ஸ்போரை உண்டாக்கும் 16 தாய்செல்கள், ஒவ்வொன்றும் குன்றல் பிரிவு என்ற செல்பிரிவில் நான்காகி மொத்தம் 64 ஸ்போர்.) பளபளப்பான பழுப்புதான் வேண்டும். கந்தலாகத் தெரிந்தால் வீசி முடித்துவிட்டது.

2. ஊசி முனையால் சுரண்டி மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் தட்டுங்கள். பிளேடு வேண்டவே வேண்டாம், பைகள் நசுங்கிவிடும்.

3. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பழக்கதோஷத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு கவர்ஸ்லிப்பால் (மெல்லிய மூடுகண்ணாடி) மூடினேன். ஒரு மணி நேரம் கண் வலிக்கப் பார்த்தும் ஒன்றும் அசையவில்லை. எப்படி அசையும்? காய்ந்தால்தானே இந்தக் கவண் இழுபடும்!

பையின் முதுகில் தடித்த செல்கள் ஒரு வரிசையாக ஓடும். பெயர் அன்யுலஸ். இந்தச் செல்களுக்கு வெளிச்சுவர் மட்டும் மெல்லியது. உள்ளிருக்கும் நீர் ஆவியாக ஆக அந்தச் சுவர் உள்ளே இழுபடும், வரிசை முழுவதும் பின்னோக்கி வளையும், பை கிழியும். இழுப்பு தாங்காமல் செல்களுக்குள் குமிழ் தோன்றும் நொடியில் வரிசை சடாரென்று முன்னே பாயும், ஸ்போர் பறக்கும்.

ஆகவே தண்ணீரும் வேண்டாம், கவர்ஸ்லிப்பும் வேண்டாம். 40 மடங்கு உருப்பெருக்கமே போதும். அதிகம் போனால் லென்ஸில் ஸ்போர் அப்பிக்கொள்ளும். எல்இடி மைக்ரோஸ்கோப்பில் சூடு வராது, பழைய குண்டு பல்பு மேசை விளக்கைப் பக்கத்தில் வையுங்கள். எனக்கு இதற்குப் பழைய மைக்ரோஸ்கோப்தான் பிடிக்கும்.

4. பொறுமை இல்லையா? ஒரு சொட்டு கிளிசரின் விடுங்கள். அது செல்லிலிருந்து நீரை உறிஞ்சும், கவண் கிளம்பும். ஆனால் ஸ்போர் தூரம் போகாது.

பின்சேர்க்கை: "இரண்டு நாளாகச் சுரண்டுகிறேன், பையே காணோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். அவர் சுரண்டியது இலையில் ஒட்டியிருந்த செதில் பூச்சி! ஸ்போர்த் தொகுதிகள் நரம்பையோ விளிம்பையோ ஒட்டி ஒழுங்காக இருக்கும். பூச்சி தண்டிலும் மேல்புறத்திலும்கூடக் கண்டபடி உட்கார்ந்திருக்கும். சில பெரணிகளில் புள்ளிமேல் மெல்லிய மூடி உண்டு, அதை முதலில் ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள்.