சைவ உணவுத் திருவிழா நடத்தப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சைவ உணவுத் திருவிழா என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். உள்ளே போனால் கோபி மஞ்சூரியன், காளான் 65, சோயா பிரியாணி, பானிபூரி. முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். பாளையங்கோட்டையில் சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் தள்ளுவண்டியில் கிடைக்கிற பண்டத்துக்கு எதற்கு மைதானம் பிடித்து, பந்தல் போட்டு, மைக் செட் வைக்க வேண்டும்? அதிலும் கறி மாதிரியே இருக்கும் என்று சொல்லி சோயாவைக் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் நல்ல ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர் ஒரு வாய் வைத்துவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தப் போட்டியில் சோயா ஜெயிக்காது. கறியை நினைக்கவே விடாத சாப்பாடு நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் எவ்வளவோ இருக்கிறது, தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறு, புளிமிளகாய், திருவாதிரைக்கு வைக்கிற தாளகக் குழம்பு என்று. வருகிறவர்களுக்கு இவற்றைக் கொடுங்கள். சாப்பிட்டவர் மறுநாள் வீட்டில் செய்து பார்க்கிற மாதிரி இருந்தால்தான் திருவிழா நடத்தியதற்குப் பலன்.

சரி, சொதி போடலாம் என்று முடிவெடுத்தவர்கள் செய்கிற தவறு அடுத்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் நூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு சொதி. திருவிழாவில் காலை பதினொரு மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். காலையிலேயே பெரிய அண்டாவில் மொத்தமாகச் செய்து வைத்தால் இரண்டு வழியிலும் கெடும். அடுப்பிலேயே வைத்திருந்தால் தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். இறக்கி வைத்தால் இந்த வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும். அதனால் காய்கறியையும் பாசிப்பருப்பையும் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைத்து, அதை மட்டும் சூடு குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சி, பச்சை மிளகாய் விழுதும் அதிலேயே சேர்ந்திருக்கட்டும். முதல் பாலை அவ்வப்போது பிழிந்து, அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகிற அளவுக்குச் சின்னப் பாத்திரத்தில் எடுத்த சொதியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும், கொதிக்கும்போது பிழிந்தால் திரிந்துவிடும். பக்கத்தில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதி பரிமாறவே கூடாது. தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்காரும், அதை இறக்கிவிடத்தான் நம்ம ஆச்சிமார் இஞ்சியைச் சேர்த்து வைத்தார்கள்.

மற்றச் சாப்பாட்டுக்கும் இந்தச் சூட்டுக் கணக்கு உண்டு. சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், குளிர்ச்சியாக வைப்பது 5 டிகிரிக்குக் கீழே. வடித்த சோற்றை மூடி போட்டு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைப்பதுதான் ரொம்ப ஆபத்து. அதில் வளரும் கிருமி உண்டாக்குகிற நச்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. சைவம்தானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணத்தை அடுப்படியில் நிற்கிற எல்லாரும் விட வேண்டும்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் கொடை நடக்கிற சமயத்தில், அதாவது சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கிடா வெட்டிப் படைக்கிற நாட்களில் பக்கத்திலேயே சைவத் திருவிழா வைத்தால், நீங்கள் என்ன நினைத்து வைத்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், சாமியைக் குறை சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். புரட்டாசி நல்ல மாதம். நிறைய வீடுகளில் அப்போது கறி எடுப்பதில்லை, என்ன சமைப்பது என்ற யோசனையும் இருக்கும். உலக சைவ உணவு நாளான அக்டோபர் 1 புரட்டாசியில்தான் வருகிறது. ஆனால் சனிக்கிழமை வேண்டாம், நவதிருப்பதிப் பெருமாள் கோயில்களுக்குப் போகிற கூட்டம் அன்றைக்கு உங்கள் பக்கம் வராது. ஐப்பசி, கார்த்திகையில் திறந்த மைதானம் எடுப்பதும் சரிப்படாது. மார்கழி ஆரம்பமும் நம்புவதற்கில்லை, 2023 டிசம்பரில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது.

இப்போது சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். நம்ம ஜில்லாவில் சைவச் சாப்பாடு என்றாலே ஏதோ சில சாதிக்காரர்கள் வீட்டு விஷயம் என்று ஒதுங்கிப் போகிறவர்கள் நிறைய. திருவிழாக் குழுவில் இருப்பவர்களும், சமைக்கிறவர்களும், மேடையில் பேசுகிறவர்களும் ஒரே தெருக்காரர்களாக இருந்தால் அந்த எண்ணம் உறுதியாகிவிடும். சுத்தம், தீட்டு, ஆசாரம் மாதிரியான பேச்சு மேடையில் ஒரு தடவை வந்தால் போதும், கூட்டத்தில் பாதிப் பேருக்கு மனசு விட்டுப்போகும். அது நியாயமான கோபம். எல்லாத் தெருவிலிருந்தும் சமைக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். மேலப்பாளையத்து முஸ்லிம் பெண்கள் கறி போடாமல் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கட்டும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி எடுக்காத கிறிஸ்தவ வீடுகளில் அன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டு அதற்கும் ஒரு கடை போடுங்கள். கறி சாப்பிடுகிறவர்களைக் கொலைகாரர் மாதிரி காட்டுகிற படங்களை வாசலில் ஒட்டாதீர்கள். குடும்பத்தோடு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற இடம் அது.

எழுதி வைக்காமல் விடுவது இன்னொரு தவறு. "அண்ணாச்சி, இதுல நெய் சேர்த்திருக்கா?" என்று ஒருவர் கேட்கும்போது கடைக்காரர் தலையைச் சொறியக் கூடாது. நம்ம நாட்டுச் சட்டப்படி முட்டை சேர்த்தது அசைவம், அதனால் முட்டை போட்ட கேக் வைக்கிற பேக்கரிக்குக் கடை கொடுக்காதீர்கள். ஜெலட்டின் மாடு, பன்றி மாதிரியான விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது, ஜெல்லி மிட்டாய் விற்கிறவரிடம் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். பாலும் தேனும் சைவத்துக்கான பச்சைப் புள்ளியில் வந்துவிடும், ஆனால் வீகன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவை ஆகாது. அவர்களுக்குத் தனி முத்திரையே 2022இல் வந்த விதிகளில் இருக்கிறது. நம்ம ஊர் அல்வாவில் நெய்யும் உண்டு, கோதுமைப் பாலும் உண்டு, இரண்டையும் எழுதி வையுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கூட்டுப் பெருங்காயம்கூடப் பிரச்சினைதான், அதில் மாவு கலந்திருக்கும். எள், நிலக்கடலை, முந்திரி இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். விரதக்காரர்களுக்காகப் பூண்டு வெங்காயம் இல்லாதது எது என்றும் ஒரு அட்டை.

மைக்கில் மருத்துவம் பேச விடாதீர்கள். சைவத்துக்கு மாறினால் சர்க்கரை நோய் பறந்துவிடும் என்று யாராவது சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அதற்கு யார் பொறுப்பு? உண்மையைச் சொன்னாலே கூட்டம் மதிக்கும். பி12 வைட்டமின் செடியிலிருந்து கிடைக்காது. பால், தயிர் சாப்பிடுகிறவர்களுக்கு ஓரளவு கிடைக்கும், அதையும் விட்டவர்கள் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சை, நெல்லிக்காய் உதவும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். ஒரு டாக்டரோ உணவியல் தெரிந்தவரோ உட்கார்ந்து இதைச் சொன்னால் தாய்மார்கள் வரிசையில் நின்று கேட்பார்கள்.

சின்ன விஷயங்கள் சில. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தாமிரபரணிக் கரையெல்லாம் வாழைத்தோட்டமாக இருக்கும்போது நமக்கு இலைக்கா பஞ்சம்? பதநீர் கொடுத்தால் ஓலைப் பட்டையில் கொடுங்கள். கடை போடுகிற எல்லாரிடமும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்திலேயே உடன்குடிக் கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், அம்பை 16 அரிசி, தோலோடு உடைத்த உளுந்து எல்லாம் விற்பனைக்கு இருக்கட்டும். உளுந்தஞ்சோறு ருசித்தவர் கையோடு உளுந்து வாங்கிப் போவார், அளவு எழுதின ஒரு துண்டுச் சீட்டையும் அதோடு கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், மிச்சச் சாப்பாடு. ராத்திரி ஒன்பது மணிக்கு அண்டாவில் மிஞ்சியதை வேனில் ஏற்றி முதியோர் இல்லத்தில் இறக்குவது எல்லா இடத்திலும் நடக்கிறது. மத்தியானம் வடித்த சோறு அது, அங்கே இருக்கிறவர்களுக்கு வயிறு கெட்டால் தாங்காது. கொடுக்க நினைத்தால் மத்தியானமே அவர்களுக்கென்று தனியாகச் சமைத்து, சமைத்த நேரத்தைப் பாத்திரத்தில் ஒட்டி, அவர்கள் சாப்பிடும் நேரத்துக்குச் சூடாக அனுப்பிவிடுங்கள்.