மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபனை எழுதுவது எப்படி?

எங்கள் தெரு நலச்சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான். மாஸ்டர் பிளான் என்பது ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம். அதன் வரைவு வெளியானதும் முதலில் அறிவிப்பின் கடைசித் தேதியைப் பாருங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 குறைந்தது இரண்டு மாத அவகாசம் தருகிறது.

அடுத்து சர்வே எண். இதில்தான் பாதி வேலை. "ஏரி ஓரம் வீட்டுமனை வேண்டாம்" என்று மொட்டையாக எழுதினால் யாரும் சீண்டமாட்டார்கள். வருவாய்த் துறையின் இணைய சேவையில் அ-பதிவேட்டை (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) திறந்து, அந்த எண்ணுக்கு நேரே ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்தெழுதுங்கள். வரைவின் வரைபடத்தில் அதே இடம் குடியிருப்பு நிறத்தில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. அதுவும் "இன்ன எண்ணை நீர்நிலையாக மாற்றுக" என்ற அளவில்.

ஐம்பது பேர் ஒரே நகலில் கையெழுத்துப் போடுவதை விட, பத்துப் பேர் அவரவர் சொந்த வரிகளில் எழுதுவதே மேல் என்பது என் கட்சி. மனு கொடுக்கும் அலுவலகத்தின் தபால் பிரிவில் தேதி முத்திரை வாங்காமல் நகர வேண்டாம்.

அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் வரைந்த மக்கள் பங்கேற்பு ஏணியில் எட்டுப் படிகள். இப்படிக் கருத்துக் கேட்பது கீழிருந்து நாலாவதுதான். கேட்டுக்கொள்வார்கள், ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் மனுவின் நகலை வார்டு கவுன்சிலரிடமும் கொடுத்து, ஏரியா சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) அதையே எழுப்புங்கள்.