மல்லாட்டைக் கொல்லைக் களையில் கீரைக் கடைசல்

ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) விதைத்த 20–25 நாளில் முதல் களை வெட்டு வரும். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்க மானாவாரிக் கொல்லைகளில் அப்போது வரப்பில் குவியும் களையோடு நல்ல கீரையும் வாடிப்போகிறது. அதைப் பிரித்தெடுத்துக் கடையும் முறை இது.

முதலில் நிலத்தைப் பாருங்கள். களைக்கொல்லி அடித்த கொல்லையில் அந்தப் போகம் முழுக்கப் பறிக்க வேண்டாம். தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த பாலாற்றங்கரை மண்ணிலும் கூடாது. அதில் தங்கிய குரோமியம் கீரையில் ஏறும், கழுவினால் போகாது.

அடுத்து அடையாளம். புதியவர்களுக்கு மூன்று கீரை போதும். தொய்யக்கீரைக்கு முட்டை வடிவ இலை, மெல்லிய நீண்ட காம்பில் இளஞ்சிவப்புப் பூ. பண்ணைக்கீரைக்கு நீண்டு ஒடுங்கிய கூர் இலை. பருப்புக்கீரைக்குச் சிவந்த தண்டு, தடித்த சிறு இலை, மஞ்சள் பூ. கிள்ளினால் பால் வடிவதையும் கசக்கினால் குமட்டும் நாற்றம் வருவதையும் ஒதுக்குங்கள். ஊமத்தங்கன்று இளசாக இருக்கும்போது கீரை மாதிரியே தெரியும். அது உயிருக்கே ஆபத்து. பார்த்தீனியம் தொட்டாலே சிலருக்குத் தோல் அரிக்கும். சந்தேகமிருந்தால் களை வெட்டும் அக்காக்களிடம் காட்டிக் கேளுங்கள். அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாருமில்லை.

களைக்கொத்தால் வெட்டும் முன்பே நுனியிலிருந்து நான்கு விரல் நீளம் கிள்ளுங்கள். வெட்டிக் குவித்தபின் பொறுக்கினால் மண் ஏறிவிடும். மூன்று தண்ணீரில் அலசி, ஒவ்வொரு முறையும் கீரையை மேலே அள்ளுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் தங்கிய மணல் திரும்பக் கீரையில் கலக்கும்.

கால் கிலோ கீரைக்கு 50 கிராம் துவரம்பருப்பு. பருப்பு முக்கால் பதம் வெந்ததும் சின்ன வெங்காயம் 8, பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 4, பிறகு கீரை. மூடாமல் வேகவிடுங்கள், மூடினால் கீரையின் புளிப்பு ஆவி உள்ளேயே தங்கி நிறம் கருக்கும். கீரை வதங்கிச் சுருங்கியபின்தான் உப்பு, இல்லாவிட்டால் கரிக்கும். புளி, நெல்லிக்காயளவில் பாதி, கடைசியில் போதும். முன்பே ஊற்றினால் பருப்பு வேகாது. மண்சட்டியில் மத்தால் கடைந்து, மல்லாட்டை எண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டுங்கள். சூடான கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ள இதுதான் பொருத்தம்.

பருப்புக்கீரையில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதை விட்டுவிடட்டும்.

விதைத்த 45ஆம் நாள் செடிக்கு மண் அணைக்கும்போது பண்ணைக்கீரை கதிர் விட்டிருந்தால் இலை முற்றி நாராகியிருக்கும். அதை மாட்டுக்குப் போடுங்கள். கொல்லையில் விட்டால் விதை கொட்டி அடுத்த பட்டத்தில் மல்லாட்டையை மூடிவிடும்.